ஐடிலிங் ஆடாமல் நிற்பதில் ஸ்பார்க் டைமிங்கின் பங்கு என்ன?

சிக்னலில் கார் நியூட்ரலில் நிற்கிறது, ஆக்ஸிலேட்டரில் கால் இல்லை, என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுதான் ஐடிலிங். ஹெட்லைட்டைப் போடுகிறீர்கள், ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓட ஆரம்பிக்கிறது, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடிக்கிறீர்கள். ஒவ்வொன்றும் என்ஜின் தலையில் ஏறும் சுமைதான், ஆனாலும் ஆர்பிஎம் முள் 800-ஐ விட்டு நகர்வதில்லை. ஏன் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "ஐடில் வால்வு காற்றைக் கூட்டிவிடும்" என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை. அந்தக் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போய்ச் சேர்ந்து எரிவதற்குள் முள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இடையில் வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். அது ஸ்பார்க் டைமிங். பிளக் எப்போது பொறி விடுகிறது என்பதைச் சில டிகிரி முன்னே பின்னே நகர்த்தியே என்ஜினை நிலையாக நிற்க வைக்கும் இந்த வேலையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பெட்ரோல் என்ஜினைப் பற்றி மட்டும் பேசுகிறேன். டீசலில் ஸ்பார்க்கே கிடையாது, அங்கே பீய்ச்சும் டீசலின் அளவை மாற்றினாலே அடுத்த வெடிப்பில் பலன் தெரிந்துவிடும், அதனால் இந்தத் தலைவலி பெரும்பாலும் அங்கே இல்லை.

முதலில் அடிப்படை. பிஸ்டன் கலவையை அமுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. அது உச்சிக்கு, அதாவது டாப் டெட் சென்டருக்கு (டிடிசி என்று சுருக்கமாகச் சொல்வோம்), வந்து சேர்வதற்குச் சற்று முன்பே பிளக் பொறி விட்டுவிடும். காரணம், "வெடிப்பு" என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் உள்ளே நடப்பது எரிதல்தான். பிளக் முனையில் பிறக்கும் தீ, அறை முழுக்கப் பரவச் சில மில்லி வினாடிகள் ஆகும். அழுத்தம் உச்சத்தைத் தொடும் நேரத்தில் பிஸ்டன் டிடிசியைத் தாண்டி 10, 15 டிகிரி கீழே இறங்கியிருந்தால் கிராங்குக்கு (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) நல்ல தள்ளு கிடைக்கும். அதற்காகத்தான் முன்கூட்டியே பொறி. டிடிசிக்கு எத்தனை டிகிரி முன்னால் என்பது அட்வான்ஸ், அதைக் குறைத்துக்கொண்டே வந்து தாமதப்படுத்துவது ரிடார்ட். 800 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு முறை சுற்ற 75 மில்லி வினாடி, அப்படியென்றால் ஒரு டிகிரி என்பது வெறும் 0.2 மில்லி வினாடி. பத்து டிகிரி மாற்றம் என்று பெரிதாகப் பேசுவதெல்லாம் கடிகாரத்தில் 2 மில்லி வினாடிதான்.

ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் அதிகபட்ச முறுக்குவிசை, அதாவது டார்க், தரக்கூடிய ஒரு அட்வான்ஸ் உண்டு. டியூனிங் செய்பவர்கள் அதை எம்பிடி என்பார்கள். ஐடிலிங்கில் அது எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வேகம் குறைவு, எரிய நேரம் நிறைய இருக்கிறது, அதனால் கொஞ்சம் அட்வான்ஸ் போதும் என்றுதான் தோன்றும். உண்மை அப்படி இல்லை. த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடிக் கிடப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் 30, 40 கிலோபாஸ்கல்தான், வெளியே இருப்பது 100. சிலிண்டருக்குள் போகும் கலவை கொஞ்சம், அதிலும் போன சுற்றின் புகை மிச்சம் வேறு கலந்து கிடக்கும். அப்படிப்பட்ட கலவை சோம்பலாகத்தான் எரியும். அதனால் பல என்ஜின்களில் ஐடிலிங்கில் எம்பிடி 30 டிகிரி பக்கம் வந்துவிடுகிறது.

ஆனால் சூடான என்ஜினில் ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள். பல கார்களில் ஐடிலிங் டைமிங் 5-இலிருந்து 15 டிகிரிக்குள்தான் இருக்கும். கூடுதல் டார்க் 30-இல் கிடைக்கும் என்று தெரிந்தும் ஈசியூ, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ஏன் 10-இல் வைத்திருக்கிறது? பெட்ரோலை வீணாக்குகிறதா? ஆமாம், கொஞ்சம் வீணாக்கத்தான் செய்கிறது, வேண்டுமென்றே. இந்த விஷயத்தின் சூட்சுமமே இதுதான்.

டைமிங்கை எம்பிடியிலிருந்து பின்னால் தள்ளத் தள்ள டார்க் நேர்க்கோட்டில் குறைவதில்லை. முதலில் மெதுவாக, போகப் போக வேகமாகக் குறையும். உத்தேசமாக, எம்பிடியிலிருந்து 10 டிகிரி பின்னால் வந்தால் நூற்றுக்கு 3, 4 பங்கு போகும். 20 டிகிரி பின்னால் வந்தால் 13 பங்கு போல. 30 டிகிரி என்றால் கால் பங்குக்கும் மேலே. என்ஜினுக்கு என்ஜின் எண் மாறும், வளைவின் வடிவம் மாறாது. இப்போது இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள். டைமிங் 30-இலேயே இருந்தால், ஆர்பிஎம் இறங்கும்போது டார்க்கைக் கூட்ட எங்கே போவது? அட்வான்ஸை இன்னும் ஏற்றினால் டார்க் குறையத்தான் செய்யும். ஏற்றினாலும் இறக்கினாலும் நஷ்டம். டைமிங் 10-இல் இருந்தால் கதை வேறு. ஒரு டிகிரி ஏற்றினால் டார்க் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே ஏறும், ஒரு டிகிரி இறக்கினால் அதே அளவு இறங்கும். இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. கையிருப்பாகக் கொஞ்சம் டார்க்கை ஒதுக்கி வைத்து, அதற்கான பெட்ரோல் செலவை ஏற்றுக்கொண்டு ஓட்டுகிறது ஈசியூ. டார்க் ரிசர்வ் என்று சொல்வது இதைத்தான்.

காற்றால் ஏன் முடியவில்லை?

1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.6 லிட்டர் உறிஞ்சும். 800 ஆர்பிஎம் என்றால் வினாடிக்கு 13 சுற்று சொச்சம், ஆக வினாடிக்கு 8 லிட்டர். த்ராட்டிலுக்கும் இன்டேக் வால்வுகளுக்கும் நடுவே உள்ள மேனிஃபோல்டில் 2.5 லிட்டர் இடம் இருக்கிறது என்று வையுங்கள். ஐடில் வால்வு திறந்தவுடன் காற்று உள்ளே பாயும், ஆனால் முதலில் அந்த 2.5 லிட்டர் இடத்தில் அழுத்தம் ஏற வேண்டும், அதற்கே மூன்றில் ஒரு பங்கு வினாடி ஆகிவிடும், அதுவும் முழுதாக இல்லை, பெரும்பகுதி ஏற. நீளமான தோட்டத்து ஹோஸில் பைப்பைத் திறந்துவிட்டு மறுமுனையில் தண்ணீருக்குக் காத்திருப்பீர்களே, அந்தக் கதைதான். அப்புறம் அந்தக் காற்றைச் சிலிண்டர் உறிஞ்சி, அமுக்கி, எரிக்க இன்னொரு சுற்று, அது ஒரு 75 மில்லி வினாடி. வால்வின் மோட்டார் நகர எடுக்கும் நேரம் தனி. கூட்டிப் பார்த்தால் 0.4, 0.5 வினாடி சர்வசாதாரணம்.

ஸ்பார்க்குக்கு எவ்வளவு? நான்கு சிலிண்டரில் அரைச் சுற்றுக்கு ஒரு முறை ஒரு சிலிண்டர் எரியும், அதாவது 37.5 மில்லி வினாடிக்கு ஒரு தடவை. அடுத்த சிலிண்டருக்கான பொறியையே நகர்த்திவிடலாம். காற்று அரை வினாடியில் செய்வதை ஸ்பார்க் அதில் பத்தில் ஒரு பங்குக்குள் தொடங்கிவிடுகிறது.

இந்த அரை வினாடி நிஜமாகவே பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஹெட்லைட்டையே பார்ப்போம். 55 வாட் ஹாலஜன் இரண்டு, 110 வாட். ஆல்டர்னேட்டர் தின்பதும் சேர்ந்தால் என்ஜினிடமிருந்து 180 வாட் போல இழுக்கும். 800 ஆர்பிஎம்மில் அது 2.2 நியூட்டன் மீட்டர் டார்க். கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் சேர்ந்த சுழற்சி நிலைமம் 0.15 கிலோகிராம் சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் (இந்த அளவு என்ஜினுக்கு இது நியாயமான எண்), ஈடு கொடுக்க யாரும் இல்லாதபோது வேகம் வினாடிக்கு 140 ஆர்பிஎம் வீதம் விழும். அரை வினாடியில் 70. முள் 730-க்கு வந்துவிடும், ஸ்டீயரிங்கில் கை வைத்திருந்தால் அதிர்வு தெரியும். சும்மா இரண்டு லைட்டுக்கே இப்படி. ரேடியேட்டர் ஃபேன் என்றால் ஏறக்குறைய இதைப்போல் இரண்டு மடங்கு.

இந்த 2.2 நியூட்டன் மீட்டரை ஸ்பார்க்கால் தர முடியுமா? ஐடிலிங்கில் அந்த என்ஜின் உராய்வையும் உறிஞ்சும் வேலையையும் சமாளிக்க உள்ளே உண்டாக்கும் டார்க்கே சுமார் 15, 20 நியூட்டன் மீட்டர்தான். டைமிங்கை 10-இலிருந்து 20-க்கு ஏற்றினால் அதில் பத்தில் ஒரு பங்கு கூடும், அதாவது 1.5 முதல் 2. கிட்டத்தட்ட ஹெட்லைட் சுமை. முழுதாக ஈடு கட்டவில்லை என்றாலும் வீழ்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடும், மீதியைக் காற்று வந்து பார்த்துக்கொள்ளும்.

ஆக ஸ்பார்க்குக்கு வேகம் உண்டு, பலம் கிடையாது. காற்றுக்குப் பலம் உண்டு, வேகம் கிடையாது. ஐடிலிங் நன்றாக இருக்கும் வண்டியில் இரண்டும் ஒன்றை ஒன்று தெரிந்துதான் வேலை செய்கின்றன.

ஏ.சி.யைப் பாருங்கள். கம்ப்ரஸர் இழுக்கும் சுமை எளிதாக 10 நியூட்டன் மீட்டரைத் தொடும். ஸ்பார்க்கால் அதைத் தனியாகத் தூக்கவே முடியாது. அதனால் ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களில் ஏ.சி. பட்டனை அழுத்தினால் கம்ப்ரஸர் கிளட்ச் உடனே பிடிப்பதில்லை. கோரிக்கை முதலில் ஈசியூவுக்குப் போகும். ஈசியூ காற்றைக் கூட்டும், கூடுதல் காற்றால் ஆர்பிஎம் எகிறாமல் இருக்க டைமிங்கைப் பின்னால் இழுக்கும், உள்ளே டார்க் கையிருப்பு சேர்ந்ததும் கிளட்சைப் பிடிக்கவிட்டு அதே நொடியில் டைமிங்கை முன்னால் தள்ளும். பட்டனுக்கும் அந்த "டக்" சத்தத்துக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில் இத்தனையும் நடந்து முடிந்திருக்கும். எனக்கு இந்த மொத்த ஏற்பாட்டிலேயே பிடித்த இடம் இது, சுமை வந்தபின் ஓடாமல் வருவதற்கு முன்பே தயாராவது.

கட்டுப்படுத்தும் கணக்கு அப்படியொன்றும் சிக்கலானது இல்லை. இலக்கு 800, இப்போது 750, வித்தியாசம் 50. ஒரு ஆர்பிஎம்முக்கு 0.05 டிகிரி என்று வைத்தால் 2.5 டிகிரி அட்வான்ஸ் கூட்டு. 850 என்றால் அதே 2.5 டிகிரி குறை. இதோடு வேகம் எவ்வளவு சீக்கிரமாக விழுகிறது என்பதையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள், குறிப்பாக ஆக்ஸிலேட்டரை விட்டுக் கிளட்சை மிதிக்கும்போது ஆர்பிஎம் சரசரவென்று இறங்கி வருமே, அந்த நேரத்தில் 800-ஐத் தாண்டிக் கீழே போய் வண்டி ஆஃப் ஆகிவிடாமல் தடுக்க. வித்தியாசத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்துத் திருத்தும் பொறுமையான வேலையைக் காற்றுப் பக்கம் கொடுத்துவிடுவார்கள். சுமை தொடர்ந்து இருந்தால் காற்று மெல்லக் கூடும், வேகம் இலக்குக்கு வரும், வித்தியாசம் மறையும், டைமிங் தன் பழைய 10-க்குத் திரும்பிவிடும். திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சுமைக்குக் கையிருப்பு இருக்காது.

பெருக்கும் எண்ணை அதிகமாக்கினால்? 0.05-க்குப் பதில் 0.3 வைத்தால் 50 ஆர்பிஎம் விலகலுக்கே 15 டிகிரி தாவும், அந்தப் பக்கம் தாண்டும், திரும்ப இந்தப் பக்கம் தாவும், என்ஜின் நடுங்கும். அதோடு நாலில் ஒரு சிலிண்டர் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்குவதையே சுமை மாற்றம் என்று நினைத்துக்கொண்டு ஸ்பார்க் அதையும் துரத்தும். அதனால்தான் அளவாக, ஓர் எல்லைக்குள்.

ஈசியூ இல்லாத காலத்தில்

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்தபின் முளைத்த யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் (என்ஜினோடு சுழன்று ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரம் அனுப்பும் பாகம்) உள்ள வண்டிகளில் எடைக்கல் வைத்த மெக்கானிக்கல் அட்வான்ஸ் இருக்கும். வேகம் கூடினால் எடைகள் விரிந்து அட்வான்ஸ் கூடும், குறைந்தால் குறையும். ஓட்டத்துக்கு அது தேவை, ஐடிலிங்குக்கு அது எதிரி. வேகம் விழும்போது அட்வான்ஸும் விழுந்தால் டார்க் குறையும், டார்க் குறைந்தால் வேகம் இன்னும் விழும். அதனால் எடைகள் விரிய ஆரம்பிக்கும் வேகம் ஐடிலிங்குக்கு மேலே இருக்குமாறு ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பார்கள். ஸ்பிரிங் தளர்ந்துபோய் எடைகள் 700-இலேயே விரியத் தொடங்கிவிட்டால் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் ஸ்லோ, அதாவது ஐடிலிங், நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். வேக்குவம் அட்வான்ஸை (வெற்றிட இழுப்பால் அட்வான்ஸைக் கூட்டும் அமைப்பு) நேராக மேனிஃபோல்டில் இணைத்தாலும் இதே சிக்கல் வர வாய்ப்புண்டு, ஆர்பிஎம் விழுந்தால் வேக்குவம் குறையும், அட்வான்ஸும் கூடவே குறையும்.

1980-களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தது. டிஜிட்டல் ஐடில் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்னப் பெட்டி. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் ஹால் சென்சாருக்கும் இக்னிஷன் மாட்யூலுக்கும் நடுவே அது உட்காரும். சாதாரண வேகத்தில் சிக்னலை அப்படியே கடத்திவிடும், ஆர்பிஎம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழுந்தால் மட்டும் பொறியை முன்கூட்டி விட வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. தண்ணீரால் குளிரும் 1.9 லிட்டர் என்ஜின் வைத்த வனகன் வேன்களில் இது இருந்தது. பெட்டியில் இரண்டு கனெக்டர்கள், இரண்டையும் கழற்றி ஒன்றோடு ஒன்று செருகிவிட்டால் பெட்டி சுற்றிலிருந்து விலகிவிடும், வண்டி வழக்கம்போல ஓடும். டைமிங் பார்க்கும்போது இப்படிச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போது ஆர்பிஎம் குறைய, பெட்டி குறுக்கே வந்து டைமிங்கை மாற்ற, டைமிங் லைட்டில் (பொறி விடும் கணத்தில் மின்னி டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) தெரிவது எதுவும் நிஜமாக இருக்காது. காற்றைத் தொடாமல் ஸ்பார்க்கை மட்டுமே வைத்து ஐடிலிங்கைப் பிடித்து நிறுத்திய தனிப் பெட்டி என்பதால், இந்த யோசனையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

அந்தத் தொல்லை இன்றும் வேறு உருவில் இருக்கிறது. ஈசியூ வண்டியில் டைமிங் லைட்டைப் பிடித்துக் கிராங்க் புல்லியைப் பார்த்தால் குறி ஓரிடத்தில் நிற்காது, இரண்டு மூன்று டிகிரி இங்குமங்கும் துள்ளிக்கொண்டே இருக்கும். டைமிங் செயின் தேய்ந்துவிட்டது, சென்சார் போச்சு என்று செலவு வைக்கும் பேச்சு பல இடங்களில் இங்கேதான் ஆரம்பிக்கிறது. துள்ளுவது ஐடில் கட்டுப்பாடு. அடிப்படை டைமிங்கைச் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் ஈசியூவைச் சும்மா இருக்கச் சொல்ல வேண்டும். 90-களின் டொயோட்டா பலவற்றில் டயக்னாஸ்டிக் கனெக்டரில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளைக் கம்பியால் இணைப்பார்கள், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் டென், ஜிஎன்டி என்ற முனைகள். இணைத்ததும் டைமிங் பூட்டினாற்போல் நின்றுவிடும், எம்எக்ஸ்-5 என்றால் 10 டிகிரியில். பார்த்து முடித்ததும் கம்பியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும், விட்டுவிட்டால் ஐடிலிங் தன் வேகமான கையை இழந்துபோய் நிற்கும்.

நீங்களே மேப் எழுதுகிறீர்கள் என்றால்

மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற ஈசியூக்களை வைத்துப் பழைய காரை ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாற்றுகிறவர்கள் இந்த விஷயத்தை நேரில் சந்திப்பார்கள். ஐடில் அட்வான்ஸ் என்று தனி அமைப்பே இவற்றில் இருக்கிறது, இலக்கிலிருந்து எத்தனை ஆர்பிஎம் விலகினால் எத்தனை டிகிரி என்று ஒரு வளைவை வரைந்து கொடுக்கலாம். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் டேபிளையே (ஒரு அச்சில் ஆர்பிஎம், இன்னொரு அச்சில் மேனிஃபோல்ட் அழுத்தம், கட்டங்களில் அட்வான்ஸ்) சரியாக அமைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும், எந்த அமைப்பையும் இயக்காமலே.

இலக்கு 850 என்று வையுங்கள். டேபிளில் 600-க்கு 19 டிகிரி, 700-க்கு 16, 850-க்கு 12, 1000-க்கு 9. வேகம் விழுந்தால் ஈசியூ தானாகவே இடப்பக்கக் கட்டத்துக்குப் போகும், அங்கே அட்வான்ஸ் கூடுதல், டார்க் ஏறும், வேகம் திரும்பும். மேலே போனால் வலப்பக்கம், டார்க் குறையும், வேகம் இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் எடைகள் செய்ததற்கு நேர் எதிர்.

புதிதாகச் செய்பவர்கள் கவனிக்காமல் விடுவது டேபிளின் இன்னொரு அச்சை. த்ராட்டில் அசையாமல் இருக்கும்போது வேகம் விழுந்தால் மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறும், ஏனென்றால் என்ஜின் உறிஞ்சுவது குறைந்துவிட்டது, உள்ளே வருவது குறையவில்லை. 35 கிலோபாஸ்கலில் நின்றது 45-க்கு ஏறும். ஆக, கட்டம் இடப்பக்கமாக மட்டும் நகர்வதில்லை, சாய்வாக மேலேயும் ஏறுகிறது. வழக்கமான டேபிளில் அழுத்தம் கூடக் கூட அட்வான்ஸைக் குறைத்துக்கொண்டே போவோம். அதையே ஐடிலிங் பகுதியிலும் செய்துவைத்தால் இடப்பக்கம் கொடுத்ததை மேற்பக்கம் பிடுங்கிக்கொண்ட கதையாகிவிடும், 600 ஆர்பிஎம் 45 கிலோபாஸ்கல் கட்டத்தில் 11 டிகிரி உட்கார்ந்திருக்கும், வண்டி அங்கே போய் ஆஃப் ஆகும். 30-இலிருந்து 60 கிலோபாஸ்கல் வரை ஐடிலிங் பகுதியில் ஒரே மாதிரி எண்களை வையுங்கள்.

பெட்ரோல் டேபிளிலும் அதே சாய்வுப் பாதையைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் கலவை லீனாக, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், இருந்தால் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தும் பயனில்லை. என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் ஏர் லீக் இல்லை என்று உறுதி செய்வது, அப்புறம் டைமிங்கைப் பூட்டிவைத்துக் கலவையைச் சரிசெய்வது, அப்புறம் டேபிளின் வடிவம், எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஐடில் அட்வான்ஸ். தலைகீழாகப் போனால் கலவையில் உள்ள ஓட்டையை ஸ்பார்க்கை வைத்து அடைத்துக்கொண்டிருப்பீர்கள், குளிர்காலக் காலையில் அது வெளியே வந்துவிடும். 1000-க்கும் 1500-க்கும் நடுவே என்ன எழுதுகிறோம் என்பதையும் யோசித்து எழுதுங்கள். 9 டிகிரியிலிருந்து ஓட்டத்துக்குத் தேவையான 20-க்கு ஒரே கட்டத்தில் தாவ வைத்தால், கிளட்சை விட்டு முதல் கியரில் நகரும்போது வண்டி குலுங்கும்.

எல்லை ஒன்று இரு பக்கமும் உண்டு. அட்வான்ஸ் எம்பிடியைத் தாண்டினால் கட்டுப்பாடு தலைகீழாகிவிடும், வேகம் விழ விழ டார்க்கைக் குறைத்துக்கொண்டிருக்கும். ரிடார்ட் ரொம்பப் போனால் எரிதல் சுற்றுக்குச் சுற்று மாறும், ஒரு சுற்று நன்றாக, ஒரு சுற்று அரைகுறையாக, எக்ஸாஸ்ட் வேறு கொதிக்கும். ஆனால் இந்தச் சூட்டையே வேண்டிக் கேட்கும் நேரம் ஒன்று இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பல கார்கள் 1200, 1300 ஆர்பிஎம்மில் கரகரவென்று சத்தம் போடுமே, அப்போது ஸ்கேனரில் டைமிங் 0-க்குப் பக்கத்தில், சிலவற்றில் மைனஸில்கூடத் தெரியும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாகாமல் வேலை செய்யாது, அதைச் சீக்கிரம் சூடாக்க ஈசியூ காற்றை அள்ளிக் கொடுத்து டைமிங்கைப் பின்னால் தள்ளியிருக்கிறது. அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

ஸ்கேனரில் என்ன பார்ப்பது என்று வருவோம், வீட்டிலேயே செய்யலாம். டைமிங் அட்வான்ஸ் என்ற எண் ஓபிடி-2 (ஸ்கேனர் செருகும் பொதுவான இணைப்பு) உள்ள கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் வரும், அரை டிகிரி நுணுக்கத்தில். புளூடூத் அடாப்டர்கள் வினாடிக்குச் சில முறைதான் படிக்கும், நிஜத் துள்ளல்களில் பெரும்பாலானவற்றைத் தவறவிடும், அதனால் தனித்தனி எண்ணைத் துரத்தாமல் சராசரி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், ஏ.சி., லைட், ஃபேன் எல்லாம் ஆஃப். ஒரு நிமிடம் விட்டுப் பார்த்துவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள். டைமிங் மேலே எகிறிச் சில வினாடிகளில் பழைய இடத்துக்கு வர வேண்டும். வந்தால் இரண்டு கைகளும் வேலை செய்கின்றன.

வராமல் மேலேயே, 18, 20 என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆர்பிஎம்மும் இலக்கை எட்டவில்லை என்றால் காற்று பற்றவில்லை. த்ராட்டில் பாடியில் கரி படிந்து ஓரம் அடைத்திருக்கலாம், ஐடில் வால்வு சிக்கியிருக்கலாம். ஸ்பார்க் தன் கையிருப்பையெல்லாம் கொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு சுமை வந்தால் ஆஃப் ஆகிவிடும். "ஏ.சி. போட்டா மட்டும் ஆஃப் ஆகுது" என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இந்த ரகம். மாறாக டைமிங் 0, 2 என்று அடியிலேயே கிடந்து, ஆர்பிஎம்மும் இலக்குக்கு மேலே நிற்கிறதென்றால் ஈசியூவுக்குத் தெரியாமல் எங்கோ காற்று நுழைகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (கிராங்க் அறைப் புகையை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), மேனிஃபோல்ட் கேஸ்கெட், இந்த வரிசையில் தேடுங்கள். சராசரி சரியாக இருந்து, துள்ளல் மட்டும் பெரிதாக, 2-க்கும் 18-க்கும் நடுவே பாய்ந்துகொண்டிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

த்ராட்டில் பாடியைக் கழுவியபின் ஒன்றைக் கவனியுங்கள். கரி இருந்தபோது எவ்வளவு திறக்க வேண்டும் என்று ஈசியூ கற்று வைத்திருந்தது, இப்போது அதே திறப்பில் காற்று அதிகமாகப் போகும். ஐடிலிங் ஏறி நிற்கும், டைமிங் அடியில் கிடக்கும், பார்த்தால் ஏர் லீக் போலவே தெரியும். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள சில கார்கள் ஓட்ட ஓட்டத் தானாகக் கற்றுக்கொள்ளும், சிலவற்றில் ஸ்கேனர் வழியாக ரீலேர்ன், அதாவது மறுபடி கற்றுக்கொள்ள வைக்கும் வேலை, செய்தாக வேண்டும். அது முடியும்வரை ஹோஸ்களைக் கழற்ற வேண்டாம்.